ஐந்து பேருக்கு ஒரு விதிநூல்: எதை வாங்குவது?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு மாலையில் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. ஓராண்டாக இலவச விதிகளை வைத்தே ஓட்டிவிட்டோம். பொதுவில் பணம் சேர்த்து நூல் வாங்கலாம் என்று முடிவு செய்தபோதுதான் கருத்து வேறுபாடு வந்தது. அதன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பின் மூன்று அடிப்படை நூல்களையும் வாங்க வேண்டும் என்கிறார் ஒருவர். அதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டர்தான் ஒழுங்கான விதிமுறை என்கிறார் இன்னொருவர். விதிகளே கதைக்கு இடைஞ்சல், அவை குறைவாக உள்ள ஆட்டம்தான் வேண்டும் என்கிறார் மூன்றாமவர். ஆட்டத்தை நடத்துவது நான். எதை வாங்குவது?

பதில்: நண்பர்கள் கேட்பது ஆளுக்கொரு நூலாக இருந்தாலும், அதற்குப் பின்னால் இருப்பது அவரவர் ருசி. போரில் ஒவ்வொரு நகர்வையும் கணக்கிடுவது ஒருவருக்குப் பிடிக்கும். அடுத்து என்ன நடக்குமோ என்ற தவிப்பு இன்னொருவருக்குப் பிடிக்கும். எந்த விதிமுறை சிறந்தது என்று வாதிட்டால் இந்த ஆண்டு முடியும்வரை வாதிடலாம். எந்த ருசிக்கு எது ஒத்துவரும் என்று பார்த்தால் இரண்டு மாதத்தில் விடை கிடைத்துவிடும்.

முதலில் பகடையைப் பாருங்கள். நீங்கள் ஆடும் ஆட்டத்தில் ஒரு முயற்சி பலிக்குமா என்பதை ஓர் இருபது முகப் பகடைதான் தீர்மானிக்கிறது. அதில் ஒன்று விழவும் பத்து விழவும் இருபது விழவும் ஒரே வாய்ப்பு, நூற்றுக்கு ஐந்து. அதனால் பல ஆண்டுகள் வாள் பழகியவர் தடுமாறுவதும், நேற்று வந்தவர் வென்றுவிடுவதும் அடிக்கடி நடக்கும். இந்தக் கொந்தளிப்பை ரசிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. எனக்கு அது சலித்துவிட்டது. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986இல் வெளியிட்ட கர்ப்ஸ் என்ற ஆட்டம் மூன்று ஆறுமுகப் பகடைகளைக் கூட்டுகிறது. அதில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான எண்களே ஏறக்குறையப் பாதி முறை விழும் என்பதால், தேர்ந்தவர் தேர்ந்தவராகவே நடந்துகொள்வார்.

வின்சென்ட் பேக்கரும் மெக்கி பேக்கரும் எழுதி 2010இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்டும், அதன் வழியில் பிறந்த டஞ்சன் வேர்ல்டும் இரண்டே ஆறுமுகப் பகடைகளை வைத்து நடக்கின்றன. கூட்டுத்தொகை பத்துக்கு மேல் போனாலோ பத்தாகவே இருந்தாலோ நினைத்தது நடக்கும். ஏழு முதல் ஒன்பது என்றால் நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஆறு அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆட்டத்தை நடத்துபவர் கதையை எதிர்த் திசையில் திருப்புவார். பாத்திரத்தின் திறமைக்காகச் சேரும் கூடுதல் புள்ளி எதுவும் இல்லாதபோது 36 வாய்ப்புகளில் முழு வெற்றி 6, விலையோடு வெற்றி 15, தோல்வி 15. மேசையில் இது எப்படி இருக்கும்? பூட்டைத் திறக்க உருட்டுபவருக்கு எட்டு விழுகிறது. பூட்டு திறந்துகொள்கிறது. ஆனால் கம்பி ஒடிந்து உள்ளே சிக்கிவிட்டது, மாடிப்படியில் காவலாளியின் காலடி கேட்கிறது. கம்பியை விட்டுவிட்டு உள்ளே ஓடப் போகிறாயா, தடயம் இல்லாமல் அதை எடுத்துவிட்டு அகப்படும் ஆபத்தை ஏற்கப் போகிறாயா என்று நீங்கள் கேட்கிறீர்கள். உங்கள் மூன்றாவது நண்பர் தேடுவது இந்த நொடியைத்தான்.

ஆனால் அந்த நொடியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியவர் நீங்கள். ஒரு மாலையின் நான்கு மணி நேர ஆட்டத்தில் இப்படி முப்பது, நாற்பது முறை கேட்க நேரலாம். முன்கூட்டியே உட்கார்ந்து வரைபடம் போட்டு, குறிப்பெழுதி வருவது உங்களுக்கு இன்பம் என்றால் இந்த வகை ஆட்டம் உங்களைக் களைப்படையச் செய்யும். தயாரிக்கவே நேரம் இல்லை, அந்தந்த இடத்தில் சொல்வது எளிது என்றால் இதுவே உங்களுக்கு விடுதலை. ஆட்டத்தை நடத்துபவரின் விருப்பத்துக்கு மற்றவர்களின் விருப்பத்தைவிட அதிக இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நடத்துபவர் சோர்ந்துவிட்டால் எவ்வளவு நல்ல நூலும் அலமாரிக்குத்தான் போகும்.

பாத்ஃபைண்டரை ஒழுங்கானது என்று சொல்லும் நண்பர் தவறாகச் சொல்லவில்லை. பைசோ நிறுவனம் 2019இல் வெளியிட்டு 2023 முதல் திருத்திய இரண்டாம் பதிப்பில், ஒவ்வொருவருக்கும் தம் முறை வரும்போது மூன்று செயல்கள் உண்டு. அவற்றை எதற்குச் செலவிடுவது என்று யோசிப்பதே தனிச் சுவை. உருட்டல் எட்ட வேண்டிய இலக்கு எண்ணைப் பத்தால் தாண்டினால் அது பெருவெற்றி. அதனால் ஒரே ஒரு கூடுதல் புள்ளிகூட வெற்றி, பெருவெற்றி இரண்டின் வாய்ப்பையும் உயர்த்தும். ஒருவருக்கொருவர் கைகொடுத்து ஆடும் குழுவுக்கு இதில் நல்ல பலன் கிடைக்கும். எத்தனை பகைவரை நிறுத்தினால் போர் எவ்வளவு கடுமையாகும் என்ற கணக்கையும் நம்பலாம். ஆனால் ஐந்து பேரும் தத்தம் பாத்திரத்தின் திறன்களை எழுதிய தாளை அறிந்து வர வேண்டிய ஆட்டம் இது. இரண்டு வார இடைவெளியில் ஒருவர் மறந்துவிட்டு வந்தாலும் அந்தப் பாரம் உங்கள் தலையில்தான் விழும். இதன் விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைப்பதால் சோதித்துப் பார்க்கக் காசு தேவையில்லை.

என் சொந்த விருப்பத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாண்டி பீட்டர்சன் உருவாக்கி, கேயாஸியம் 1981இல் வெளியிட்ட திகில் ஆட்டமான கால் ஆஃப் கத்துலுவைத்தான் நான் அதிகம் நேசிக்கிறேன். ஏழாம் பதிப்பின் தாளில் நூலகத்தில் தேடும் திறன் 60 என்று எழுதினால், பக்கத்தில் உள்ள சிறு கட்டங்களில் 30, 12 என்று பாதியையும் ஐந்தில் ஒன்றையும் எழுதிவைக்கிறோம். ஒன்று முதல் நூறு வரை எண் தரும் பகடைகளை உருட்டி 60 அல்லது அதற்குக் கீழ் வந்தால் வெற்றி, 30க்குள் வந்தால் கடினமான வெற்றி, 12க்குள் வந்தால் அதனினும் அரிய வெற்றி. இதுவரை இந்த விளையாட்டையே பார்த்திராதவருக்கும் தன் வாய்ப்பு எவ்வளவு என்பது தாளைப் பார்த்த உடனே புரிந்துவிடும். ஆனால் இதில் வரும் மனிதர்கள் வளர்ந்து வீரர்களாவதில்லை. மனம் கலங்கிச் சிதைபவர்களே அதிகம். பாத்திரங்கள் மட்டம் மட்டமாக உயர்வதை உங்கள் நண்பர்கள் ரசிப்பவர்கள் என்றால் என் பேச்சைக் கேட்டு இதை வாங்கிவிடாதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் கனத்த விதிநூல் ஒன்றை அதன் எழுத்தழகுக்காகவே வாங்கினேன். இரவெல்லாம் விழித்துப் படித்தேன். மேசைக்கு வந்ததும், ஒரு கதவை உதைத்துத் திறக்க நான்கு பக்கங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. இரண்டு மாலைகளுக்குப் பிறகு அது மீண்டும் மேசைக்கு வரவே இல்லை. ஆகவே உங்கள் பொதுப் பணத்தைத் தொடும் முன், ஒரே சிறுகதையை, ஒரு பாழடைந்த மாளிகையில் காணாமல்போன பெட்டியைத் தேடும் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று விதிமுறைகளில், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை என்று ஆடிப்பாருங்கள். டஞ்சன் வேர்ல்டின் விதிகள் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளன. கத்துலுவுக்கு இலவசத் தொடக்க ஏடு உண்டு. கர்ப்ஸுக்கு 32 பக்கச் சுருக்கப் பதிப்பு உண்டு.

மூன்று நூல்களையும் சேர்த்து வாங்க வேண்டும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் ஒவ்வொன்றின் அட்டை விலையும் 49.99 டாலர், மூன்றும் ஏறக்குறைய 150 டாலர். ஆட்டக்காரர் கையேடு ஒன்றை மட்டும் முதலில் வாங்குங்கள். 2023 ஜனவரியில் பழைய ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளும், 2025இல் புதிய பதிப்பின் அடிப்படை விதிகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாயின. அவற்றிலேயே பல அரக்கர்களின் விவரங்கள் இருப்பதால் மற்ற இரண்டு நூல்களும், அதாவது ஆட்டத்தை நடத்துபவருக்கான கையேடும் அரக்கர் நூலும், காத்திருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மூன்று நூல்களின் மின்வடிவம் அந்த ஆட்டத்தின் அதிகாரபூர்வ இணையதளமான டிஅண்ட்டி பியாண்டில் ஒருவரது கணக்கில்தான் சேரும். பைசோவும் கேயாஸியமும் தங்கள் நூல்களைப் பிடிஎஃப் கோப்பாகவே விற்கின்றன. ஐந்து பேரின் பணத்தில் வாங்கும் பொருள் ஒருவர் கணக்கில் அடைபட்டால் அவர் ஊர் மாறும்போது மனக்கசப்பு வரும். பொதுப் பணத்துக்கு அச்சு நூலே நல்லது.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், இரண்டு வார இடைவெளி உள்ள குழுவுக்குப் பாத்ஃபைண்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கையேட்டோடு இப்போதைய ஆட்டத்தைத் தொடருங்கள். நடுவில் இரண்டு மாலைகளை டஞ்சன் வேர்ல்டுக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: 2014ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேடு என்னிடம் உள்ளது. புதிய பதிப்பு வந்துவிட்டதால் அது வீணா?

பதில்: வீணே இல்லை. உங்கள் குழு அதையே வைத்து ஆடினால் இன்னும் பல ஆண்டுகள் ஆடலாம். பழைய சாகசக் கதைகளையும் புதிய விதிகளோடு நடத்த முடியும். ஒரே மேசையில் இரண்டு கையேடுகளையும் கலப்பதுதான் தொல்லை. காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் மந்திரத்துக்குப் பழைய நூலில் ஓர் எட்டுமுகப் பகடை, புதியதில் இரண்டு. களைப்புக்குப் பழைய நூலில் படிக்கொரு தண்டனை. புதியதில் ஒவ்வொரு படிக்கும் உருட்டலில் இரண்டு குறையும். யாருடைய நூல் செல்லும் என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபேட் என்ற, இதே வகை ஆட்டத்தை ஆடத் தனிப் பகடை வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கூட்டல் குறி, கழித்தல் குறி, வெற்று முகம் கொண்ட நான்கு பகடைகளை அந்த ஆட்டம் கேட்கிறது. சாதாரண ஆறுமுகப் பகடையில் ஒன்றும் இரண்டும் கழித்தல், மூன்றும் நான்கும் வெறுமை, ஐந்தும் ஆறும் கூட்டல் என்று கொண்டால் கணக்கு அப்படியே பொருந்தும். வீட்டில் பரமபதப் பெட்டிக்குள் கிடக்கும் பகடைகளை எடுத்து, நான்கு தேறுகிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.