பழைய ரோட்ட அரைச்சே புது ரோடு போடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், என் தம்பி உத்தரப் பிரதேசத்துல வேலை பாக்குறான். அங்க ஒரு கிராமத்து ரோட்ட பெரிய மெஷின் ஒண்ணு அடியோட அரைச்சுக்கிட்டே போகுது, அந்த அரைச்சதுலயே சிமெண்ட கலந்து ரோலர் ஓட்டுறாங்க, புது ஜல்லி ஒரு லோடு கூட வரலன்னு வீடியோ அனுப்பினான். ஜல்லி காச யாரோ அமுக்கிட்டாங்கன்னு எங்க வீட்ல எல்லாரும் பேசிக்கிறோம். அப்படித்தானா? (வந்தவாசி பக்கத்துல இருந்து ஒரு வாசகர்)

பதில்: இல்லைங்க, அந்த வேலையே அப்படித்தான் செய்யணும். எஃப்டிஆர்னு சொல்வாங்க, ஃபுல் டெப்த் ரெக்லமேஷன், அதாவது பழைய ரோட்ட முழு ஆழத்துக்கும் அரைச்சு அதே பொருள திரும்பப் போடறது. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்துல உத்தரப் பிரதேசத்துல இத பெரிய அளவுல செஞ்சிருக்காங்க.

ரோடு பழசாச்சுன்னா என்ன பழசாகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. மேல இருக்கிற பிட்டுமன் (நாம தார்னு சொல்றோம், ஆனா தார் நிலக்கரியில இருந்து வர்றது, இது பெட்ரோலிய ரிஃபைனரியில இருந்து வர்றது) வெயில்லயும் காத்துலயும் இறுகி வெடிக்குது, வெடிப்பு வழியா தண்ணி இறங்கி அடி லேயர் தொளதொளன்னு ஆகுது, ஆனா உள்ள இருக்கிற கருங்கல் ஜல்லிக்கு ஒண்ணுமே ஆகல, அது இன்னும் நல்ல கல்லுதான். அத நோண்டி லாரியில ஏத்தி ஏரிக்கரையில கொட்டிட்டு, இன்னொரு மலைய வெடி வச்சு உடைச்சு ஜல்லி கொண்டு வர்றோம் பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

கணக்கு போட்டே காட்டுறேன். சிங்கிள் லேன் கிராம ரோடு 3.75 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அரைச்சா 750 கன மீட்டர் பொருள், எடை சுமார் 1,500 டன். 15 டன் டிப்பர்னா 100 லோடு. அந்த 100 லோடு கல் குவாரியில இருந்து வர வேண்டாம், பழச அள்ளிட்டுப் போற 100 லோடும் வேண்டாம், அந்த டிப்பர் ஓடி ஓடி குவாரிக்குப் போற ரோடும் நாசமாக வேண்டாம். சிமெண்ட் 4 சதவீதம்னு வச்சா 60 டன், அதாவது 1,200 மூட்டை. அதனால செலவே இல்லாத வேலைன்னு நெனைச்சிடாதீங்க, கல்லுக்குப் போற காசு சிமெண்டுக்கும் மெஷினுக்கும் போகுது.

முதல்ல ரோட்ட அங்கங்க தோண்டி சாம்பிள் எடுத்து லேப்ல எவ்ளோ சிமெண்ட், எவ்ளோ தண்ணின்னு முடிவு பண்ணணும், இது இல்லாம ஆரம்பிச்சா எல்லாமே குருட்டாம்போக்குதான். அப்புறம் சிமெண்ட ரோடு மேல ஒரே சீரா பரப்பி, ரெக்லைமர் மெஷின் அதோட ரோட்டையும் அரைச்சு தண்ணி கலந்துட்டே போகும், பின்னாலயே பேட்ஃபுட் ரோலர் (சக்கரத்துல குமிழ் குமிழா இருக்கிற ரோலர்), கிரேடர் (மட்டம் பண்ற மெஷின்), வழுவழு ரோலர்னு வரிசையா வரும். தண்ணி பட்ட சிமெண்ட் நமக்காக காத்துட்டிருக்காது, 2 மணி நேரத்துக்குள்ள இறுக்கி முடிச்சிடணும். பிறகு 7 நாள் ஈரமா வச்சிருக்கணும்.

சிமெண்ட் ஜாஸ்தி போட்டா ரோடு ஸ்ட்ராங்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, தப்பு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட ஐஆர்சி 37-ங்கற ரோடு வடிவமைப்பு வழிகாட்டியில, சிமெண்ட் கலந்த பேஸுக்கு (அடித்தள லேயருக்கு) 7 நாள் பலம் 4.5-ல இருந்து 7 மெகாபாஸ்கல் (எவ்ளோ அழுத்தம் தாங்கும்ங்கற அளவு) வரைன்னு மேல் எல்லையும் சேர்த்தே போட்டிருக்கு. அளவுக்கு மீறி இறுகினா காயும்போது சுருங்கி வெடிக்கும், அந்த வெடிப்பு மேல போடுற லேயர்லயும் அப்படியே வந்து நிக்கும். அதத் தடுக்கத்தான் நடுவுல வெடிப்பத் தாங்குற மாதிரி ஒரு லேயர் போட்டு அதுக்கு மேல பிட்டுமன் போடறாங்க.

கேள்வி: ரோடு போடப் போட எங்க வீடு பள்ளமாயிட்டே போகுது, மழை வந்தா தெருத் தண்ணி ஹாலுக்குள்ள. இந்த அரைச்சுப் போடுற எஃப்டிஆர் முறை எங்க தெருவுக்கு வருமா? (சென்னை வாசகி)

பதில்: அம்மா, உங்க வேதனை எனக்கு நல்லாவே தெரியும், எங்க அம்மா வீட்டு வாசல்ல மூணு படி ஏறித்தான் சின்ன வயசுல உள்ள போவோம், இப்ப ஒரு படி இறங்கி போறோம். 4 சென்டிமீட்டர் வீதம் அஞ்சு தடவை மேல மேல போட்டா 20 சென்டிமீட்டர், ஒரு படிக்கு மேலயே போச்சு. 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய தளத்த சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு அதிகாரிகளுக்கு எழுதினார். உங்க தெருவுல வேலை ஆரம்பிக்கும்போது பழைய தளத்த சுரண்டுற மில்லிங் மெஷின் வந்துச்சான்னு தைரியமா கேளுங்க.

ஆனா எஃப்டிஆர் சிட்டி தெருவுக்கு கஷ்டம், அடியில குடிநீர் பைப், பாதாள சாக்கடை, கேபிள், மேன்ஹோல் எல்லாம் இருக்கு, 20 சென்டிமீட்டர் அரைக்கப் போனா எது கிழியும்னே தெரியாது. உங்களுக்கு மேல் லேயர மட்டும் சுரண்டி, அந்தப் பொருள ரோட்டுக் கலவை தயாரிக்கிற பிளான்ட்ல புது கலவையோட சேர்த்து திரும்பப் போடறதுதான் சரி. கிராமத்து ரோட்ல எஃப்டிஆர் செஞ்சா மேல போடுற மெல்லிசு லேயர் அளவுதான் உசரும்.

கேள்வி: எஃப்டிஆர்ல சிமெண்டுக்கு பதிலா ஃபோம் பிட்டுமன்னு எங்க சார் கிளாஸ்ல சொன்னாரு, புரியல. (சிவில் மாணவர், கோவை)

பதில்: காய்ஞ்ச எண்ணெயில தண்ணி தெளிச்சா எப்படி பொங்குது தம்பி, அதேதான். சுமார் 170 டிகிரி சூட்டுல இருக்கிற பிட்டுமன்ல 2, 3 சதவீதம் தண்ணிய செலுத்தினா அது நுரைச்சு 10 மடங்குக்கு மேல பெருசாகும், அந்த நுரை அடங்கறதுக்குள்ள ஈரமான குளிர்ந்த ஜல்லித்தூள்ல கலந்துடும், கல்ல சூடு பண்ணவே வேண்டாம். அயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டியில லாடிஸ் சான்யி 1956-ல நீராவிய வச்சு செஞ்சார், 1968-ல ஆஸ்திரேலியாவுல மொபில் கம்பெனி நீராவிக்கு பதிலா பச்சத் தண்ணிய வச்சு செஞ்சதும்தான் சைட்ல செய்யுற அளவுக்கு சுலபமாச்சு. சிமெண்ட் மாதிரி விறைப்பா நிக்காம கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், அதனால சுருங்கி வெடிக்கறது கம்மி. ஆனா பிட்டுமன் விலை ஜாஸ்தி.

கேள்வி: எல்லா ரோட்டுக்கும் எஃப்டிஆர் செய்யலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: முடியாது. உங்க பக்கத்து களிமண்ணு அடியில இருந்து கலந்து வந்துச்சுன்னா வெறும் சிமெண்ட் சரியா வராது, முதல்ல சுண்ணாம்பு போட்டு அத அடக்கணும். வாய்க்கால் தண்ணி ரோட்டோரமே நிக்குற இடத்துல வடிகால் போடாம எத அரைச்சுப் போட்டாலும் ரெண்டு மழையில திரும்ப குழிதான். அப்புறம் ரோட்ட ஈரமா வச்சிருக்கிற அந்த 7 நாள் நெல் லோடு டிராக்டர அந்த ரோட்ல விடாதீங்க, அறுவடை நேரத்துல வேலை வச்சா ஊர்ல யாரும் கேக்க மாட்டாங்க, அதனால அறுவடை முடிஞ்சு ஆரம்பிக்கச் சொல்லி முன்னாடியே பஞ்சாயத்துல மனு குடுங்க.