அழுத்தத்துக்கு மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

மருத்துவப் பட்டப்படிப்பை முடித்துவிட்டேன். மேற்படிப்புக்கு, அறுவையின்போது மயக்கம் தரும் மயக்கவியல், ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை தரும் கதிரியக்கவியல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம், வேலை நேரம், மன அழுத்தமின்மை, குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் என்று நான்கு தலைப்புகளில் இரண்டுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். கதிரியக்கவியல் முந்துகிறது. அழுத்தமின்மையில் மட்டும் அதற்கு 9, மயக்கவியலுக்கு 4. ஆனாலும் மனம் மயக்கவியலிலேயே நிற்கிறது. ஸ்கேன் படங்களை இனிக் கணினியே படித்துவிடும் என்ற பேச்சும் பயமுறுத்துகிறது. பணத்தையும் ஓய்வையும் பார்த்து மருத்துவத்தில் துறையைத் தேர்ந்தெடுப்பது தவறா? எது நிம்மதியான வாழ்க்கையைத் தரும்?

ம.

அன்புள்ள ம.,

தவறில்லை. சேவை மனப்பான்மை பற்றி உங்களுக்கு உபதேசம் செய்பவர்களில் பெரும்பாலோர் இரவில் தங்கள் வீட்டில் உறங்குபவர்கள். முப்பது ஆண்டுகள் செய்யப்போகும் வேலையில் உறக்கமும் ஊதியமும் எப்படி இருக்கும் என்று கேட்பது விவேகம். அதற்காகக் கூச வேண்டியதில்லை.

சம்பளத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரே துறைக்குள் இரண்டு மருத்துவர்களின் வருமானத்துக்கு இடையே பெரும் வித்தியாசம் இருக்கும்போது, துறைகளின் சராசரியை வைத்து வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியாது. கணினி பற்றிய பயத்துக்கும் ஒரு பத்தி போதும். கதிரியக்கவியலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்று 2016இல் சொன்னவர் சாதாரண ஆள் அல்ல. செயற்கை நுண்ணறிவின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன். அந்த ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகும் பல நாடுகளில் கதிரியக்கவியலாளர் பற்றாக்குறை நீடிக்கிறது. மேலே செல்வோம்.

என்னைச் சீண்டியது அந்த 9உம் 4உம்தான். எதை அளந்து இந்த எண்களைப் போட்டீர்கள்? அறுவை அரங்கில் உயிர் ஊசலாடுகிறது, ஸ்கேன் அறையில் படம்தானே இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். ஐந்தரை ஆண்டுகளோ ஆறு ஆண்டுகளோ மருத்துவம் படித்த ஒருவர் அழுத்தம் என்பதைக் காய்ச்சலைப் போல ஒற்றை எண்ணில் குறிக்கலாம் என்று நம்புவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் அமெரிக்க, சுவீடிஷ் தொழிலாளர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து சொன்ன ஒன்றைப் பல காலமாக நான் மனதில் சுமந்துகொண்டிருக்கிறேன். வேலை கடினமாக இருப்பது மட்டுமே மனிதரை நொறுக்குவதில்லை. வேலை கடினமாகவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனிதர் நொறுங்குகிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கப்பட்ட வைட்ஹால் ஆய்வும் இதையொட்டிய ஒன்றைக் காட்டியது: இதய நோயால் இறந்தவர்களின் விகிதம், பெரும் பொறுப்புகளைச் சுமந்த உயர் அதிகாரிகளிடம் அல்ல, அவர்களுடைய ஆணைகளை நிறைவேற்றிய கடைநிலை ஊழியர்களிடம்தான் அதிகமாக இருந்தது.

இதை உங்கள் இரண்டு துறைகளிலும் பொருத்திப் பாருங்கள். மயக்க மருத்துவர் அரங்குக்குள் ஏறத்தாழ முழு அதிகாரம் உடையவர். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பது அவர் முடிவு. அதன் விளைவை அடுத்த சில நொடிகளில் திரையில் பார்த்துவிடுகிறார். ஆனால் அரங்கின் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்பது அறுவை மருத்துவரின் கையில் இருக்கிறது. கதிரியக்கவியலாளருக்கு நேர்மாறு. அவருடைய பணி நேரம் பெரும்பாலும் வரையறுக்கப்பட்டது. ஆனால் எத்தனை ஸ்கேன்கள் வரும் என்பதை அவர் முடிவு செய்வதில்லை. ஒரே சி.டி. ஸ்கேனில் நூற்றுக்கணக்கான வெட்டுத்தோற்றங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் ஒளிந்திருக்கும் சில மில்லிமீட்டர் கட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவசரப் பிரிவிலிருந்து அடுத்த அறிக்கைக்காகத் தொலைபேசி ஒலிக்கும். தவறவிட்டால் அந்தப் படம் அழியாமல் இருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்தும் யாராவது அதை எடுத்துக் காட்டலாம். இதற்கா 9?

என் அக்கா மயக்க மருத்துவர். முதலில் அவர் வேலை செய்த மருத்துவமனையில் இரவுப் பணி ஓயாது. விடிந்த பிறகு வீடு திரும்பி, காலணியைக் கழற்றும்போதே இரவில் நடந்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவார். பிறகு பகல் நேரப் பணி மட்டும், கூடுதல் சம்பளம் என்று வேறோர் இடத்துக்குப் போனார். உங்கள் அட்டவணைப்படி அது எல்லா வகையிலும் உயர்ந்த வேலை. அங்கே ஒருநாள், அவசரமில்லாத ஓர் அறுவைக்கு வந்திருந்த நோயாளி நான்கு மணி நேரத்துக்கு முன்புதான் சாப்பிட்டிருந்தார். திட உணவுக்குப் பின் குறைந்தது 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். அக்கா காத்திருக்கச் சொன்னார். நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து அரங்கின் அன்றைய பட்டியலைக் காட்டி, ‘இந்த ஒரு முறை மட்டும்’ என்றார். அக்கா மறுத்துவிட்டார், அறுவையும் தள்ளிப்போனது. ஆனால் பழைய இடத்தில் அவர் ‘இன்று வேண்டாம்’ என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். இங்கே ஒவ்வொரு முறையும் வழக்காட வேண்டியிருந்தது. மாலை ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்த அந்த நாட்களில்தான் அவர் எங்களிடம் பேசுவதை நிறுத்தினார்.

உழைப்புச் சோர்வை 2019இல் உலக சுகாதார நிறுவனம் விவரித்தபோது, அதை நோய் என்று சொல்லாமல் பணியிடம் சார்ந்த நிகழ்வு என்று வகைப்படுத்தியதை இந்த இடத்தில் நீங்கள் நினைத்துப்பார்க்க வேண்டும். அதன் அடையாளங்களாகச் சொல்லப்பட்டவை மூன்று: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மீது கசப்பு, திறன் குறைந்துவிட்டதாகத் தோன்றுதல். இவற்றில் எதுவும் ஒரு துறையின் பெயரோடு ஒட்டிப் பிறப்பதில்லை.

நேரம் பொருட்டே அல்ல என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. உடலை ஏமாற்ற முடியாது. ஆனால் மணிக்கணக்கை எந்த வேலை அறிவிப்பிலும் படித்துவிடலாம். நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது நிற்குமா என்பதை எந்த அறிவிப்பிலும் போட மாட்டார்கள்.

ஆகவே அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். துறைத்தலைவர்களிடம் கேட்டால் அவர்கள் தங்கள் இன்றைய வாழ்க்கையைத்தான் சொல்வார்கள். அது உங்களுக்குக் கிடைக்க இருபது ஆண்டுகள் ஆகும். பயிற்சி முடித்து மூன்று ஆண்டுகளான ஒருவரை இரண்டு துறைகளிலும் தேடிப்பிடியுங்கள். கடைசியாக எப்போது ஒரு வேலையை மறுத்தீர்கள், மறுத்த பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

எது நிம்மதி என்ற உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது. மதிப்பெண் போட்ட பிறகும் மனம் மயக்கவியலில் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை என்னைவிட நீங்கள்தான் முதலில் படித்திருக்க வேண்டும்.