கஜாவில் சாயாத தென்னையை வெட்டிய நாள்

பிள்ளை மாதிரி வளர்த்த மரம் நோயில் விழுந்துவிட்டால், அதை வெட்ட எப்படி மனம் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்களுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். கிணற்றடியில் நின்ற நெட்டைத் தென்னை, அப்பா பிறந்த வருடம் தாத்தா வைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது தோப்பில் பாதிக்கு மேல் படுத்துவிட்டது. கிணற்றடி மரம் மட்டும் நாலு மட்டை முறிந்து நின்றது. அம்மா அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மூன்று வருடம் கழித்து அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கின. வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டோம். அப்புறம் குரும்பை கொட்டியது, தூரில் வெடிப்பு விழுந்து செம்பழுப்பாகச் சாறு வடிந்தது. தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் முதலில் கண்ட நோய் என்பதால் அந்தப் பெயர். மண்ணில் இருக்கும் கானோடெர்மா என்ற பூஞ்சை வேரை அழுகவைத்து மேலே ஏறும்.

சும்மா விடவில்லை. வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ போட்டோம், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதவீத போர்டோ கலவையை 40 லிட்டர் தூரில் ஊற்றினோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேரில் மருந்து கட்டினோம். ஒரு வருடம் ஓடியது. ஒரு மழைக்குப் பின் தூரில் காளான் முளைத்திருந்தது. அது வந்துவிட்டால் மரத்தைக் காப்பது கடினம். அதற்குள் பக்கத்து மரங்களுக்கும் வேர் வழியாகப் போய்விடும். அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஆளை வரச் சொல்லு" என்றார்.

வெட்டுகிற அன்று காலையில் அம்மா தூருக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சூடம் ஏற்றினார். மரத்தில் கை வைத்து, "போயிட்டு வாய்யா" என்றார். மரம் வெட்ட வந்த தம்பி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, அவர் நகரும்வரை தள்ளியே நின்றார். அந்தப் பொறுமையை நான் மறக்கவே மாட்டேன். உங்கள் வீட்டிலும் அவசரப்படுத்தாத ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

கொண்டையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். குருத்து இன்னும் வெள்ளையாக, இனிப்பாக இருந்தது. தெருவில் எல்லோருக்கும் கொடுத்தோம், அம்மா மட்டும் வாயில் வைக்கவில்லை. தூரை அறுத்தபோது உள்ளே பழுப்பாக உளுத்துப்போயிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு மனம் கொஞ்சம் ஆறியது. இன்னொரு காற்றுக்கு அது வீட்டின் மேலேயே விழுந்திருக்கும்.

வேரைத் தோண்டி எரித்தோம். அந்தக் குழியில் உடனே தென்னம்பிள்ளை வைக்கக்கூடாது என்பதால் இப்போதைக்கு வாழை நிற்கிறது. துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையைக் கிணற்றுத் தூணுக்கு மாற்றிவிட்டோம். பழக்கத்தில் அம்மா இன்னமும் ஈரத்துணியோடு பழைய இடத்துக்குத்தான் முதலில் போகிறார்.