மறு: படிவம் 4 மகள் கூடுதல் கணிதத்தை விடப் பார்க்கிறாள்

வணக்கம்க்கா. தியூஷனில் பையன்கள் கூட்டத்தில் மகள் வாயே திறப்பதில்லை, விருப்பப் பாடமான கூடுதல் கணிதத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். பட்டர்வொர்த்தில் நானும் ஊமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு இஞ்சினியரிங் படித்த எதிர்வீட்டு அக்காவிடம் போனேன். முழுவர்க்கமாக்கல், அதாவது எக்ஸ் வர்க்கம் + 6எக்ஸ் போன்றதோடு ஓர் எண்ணைக் கூட்டி முழு வர்க்கமாக்குவது, புரியவில்லை என்றதும், நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டிய தாளில் எண்ணெய் படாத ஓரத்தில் ஒரு சதுரம் வரைந்தார். பக்கம் எக்ஸ். 6எக்ஸைப் பாதியாக்கி, 3 அகலப் பட்டையாக இரண்டு பக்கமும் ஒட்டினார். மூலையில் மட்டும் ஓட்டை.

"அத அடைக்க எவ்ளோ வேணும்?"

9 என்று நானே சொன்னேன்! அவரிடம் அசட்டுக் கேள்வி கேட்கக் கூச்சமே வராது. (சிடுசிடுக்கும் டீச்சரம்மாக்களும் உண்டு, பார்த்திருக்கிறேன்.)

கெலுகோரில்தானே இருக்கிறீர்கள்? பக்கத்திலேயே யு.எஸ்.எம். பல்கலைக்கழகம். அங்கே கணிதம், இயற்பியல் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் யாராவது சொல்லித்தருவார்களா என்று விசாரியுங்கள். இரண்டு வகுப்பு பார்த்த பிறகு காசு கட்டுங்கள்.