கடைக்காரரின் கணக்கும் ஆடுபவரின் பொறுப்பும்

கேள்வி: வீடியோ கேமில் வருபவர்கள் வெறும் பொம்மைகள். அங்கே காட்டப்படும் பாலியல் வன்முறையால் எந்தப் பெண்ணுக்கும் கேடில்லை. நம் சினிமாவில் இல்லாத வல்லுறவுக் காட்சியா? அப்படியிருக்க, 2025இல் கார்டு நிறுவனங்களை நெருக்கி, ஏராளமான கேம்களைக் கடைகளிலிருந்து தூக்க வைத்துவிட்டார்கள். இது தணிக்கை இல்லாமல் வேறென்ன? யாரோ உருவாக்கியதற்கு, விளையாடுகிற நாங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்?
(கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தணிக்கைதான், அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. 2025 ஜூலையில், பெண்களைப் பாலியல் பொருளாக்குவதை எதிர்க்கும் ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் அமைப்பு, வல்லுறவு கேம்களை விற்கும் தளங்களுக்குப் பணம் போவதை நிறுத்தச் சொல்லி, பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்குத் திறந்த மடல் எழுதியது. அந்த நிறுவனங்களின் நெருக்கடிக்கு அஞ்சி, சிறு படைப்பாளிகள் தங்கள் கேம்களை விற்கும் இட்ச் ஐஓ தளம், வயது வந்தோருக்கானவை என்று குறிக்கப்பட்டிருந்த படைப்புகள் அனைத்தையும், நல்லது கெட்டது பாராமல், தன் தேடல் பட்டியலிலிருந்து மறைத்தது. வல்லுறவை வேடிக்கையாக்கிய சரக்கும், தன் உடலையும் காதலையும் பற்றி ஒருவர் தனியாக உட்கார்ந்து உருவாக்கிய சின்னஞ்சிறு கேமும் ஒரே வீச்சில் காணாமல் போயின. கலைக்கு எல்லை வகுக்கும் வேலையைக் கார்டு நிறுவனங்களிடம் நாம் யாரும் ஒப்படைக்கவில்லை. ஆனால், அந்த அதிகாரம் அவர்கள் கைக்கு எப்படிப் போனது என்பதை உங்கள் கேள்வி தொடவே இல்லை.

கணினி கேம்களின் மிகப்பெரிய கடையான ஸ்டீமை நடத்தும் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம், சட்டவிரோதமானவை, வெறும் சீண்டலுக்காகச் செய்யப்பட்டவை ஆகிய இரண்டைத் தவிர எதையும் விற்போம் என்று 2018 ஜூனில் அறிவித்தது. மறு ஆண்டு மார்ச்சில், பெண்களை வல்லுறவு செய்து கொல்வதையே ஆட்டமாகக் கொண்ட 'ரேப் டே' வாசலில் வந்து நின்றபோது, விற்க மறுத்தது. அதற்குச் சொன்ன காரணம், அந்த கேமால் என்னென்ன செலவுகளும் இடர்களும் வரும் என்று தெரியவில்லை என்பது. இது தவறு என்று சொல்லவில்லை, கட்டுப்படியாகாது என்றுதான் சொன்னார்கள். செலவை மட்டுமே காரணமாகச் சொல்லும் கடைக்காரரை அசைக்க நினைப்பவர் எங்கே போவார்? அவருடைய கல்லாவுக்குப் பணம் வரும் வழியை மறிக்கத்தான் போவார். 2025 ஏப்ரலில் சர்ச்சைக்குள்ளான 'நோ மெர்சி' கேமின் கடைக் குறிப்பில், சம்மதமற்ற உடலுறவு உண்டு, அதைத் தவிர்க்க முடியாது என்றே எழுதியிருந்தார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் விற்பனை நின்றது. பிறகு உருவாக்கியவர்களே அதை ஸ்டீமிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். ஜூலை மாதத் திறந்த மடலுக்கு வழி திறந்தது அந்தக் கேம்தான்.

பொம்மைகள்தானே என்கிறீர்கள். கேம் ஆடுபவர் வல்லுறவாளர் ஆகிவிடுவார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. நான் பார்ப்பது, ஒரு கேம் எதற்குப் பரிசு கொடுக்கிறது என்பதை. 1982இல் அட்டாரி 2600 கருவிக்காக வந்த 'கஸ்டர்ஸ் ரிவெஞ்ச்' கேமில், பறந்து வரும் அம்புகளுக்குத் தப்பி, கம்பத்தில் கட்டப்பட்ட அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணை அடைந்து வன்புணர்வதற்குத்தான் புள்ளிகள். திரையில் தெரிந்ததோ நாலைந்து வண்ணச் சதுரங்கள். அந்தச் சதுரங்களுக்காகவா நியூயார்க்கில் பெண்கள் அமைப்புகளும் பூர்வகுடி அமைப்புகளும் தெருவில் இறங்கின? வல்லுறவுக்கு மதிப்பெண் போட்ட ஆட்டவிதிக்காக இறங்கின. சினிமாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரியே. அந்தக் காட்சிகளுக்கும் நாம் பதில் கேட்டிருக்க வேண்டும், கேட்டவர்களை ரசனை கெட்டவர்கள் என்று ஒதுக்கினோம். ஆனால் சினிமாவில் நாம் கண்ணை மூடிக்கொண்டாலும் காட்சி ஓடும். கேமில் விரலை எடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

விளையாடுகிறவர்கள் பதில் சொல்வது என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. சுவீடனைச் சேர்ந்த டென்னட்டன் கேம்ஸ், 2013இல் 'ஹாட்லைன் மயாமி 2' கேமின் முன்னோட்டத்தைக் காட்டியது. அதில் பன்றி முகமூடி அணிந்தவனை நாம் இயக்குகிறோம். ஒரு பெண்ணைத் தரையில் தள்ளி அவன் வன்கொடுமைக்கு முனையும்போது 'கட்' என்ற குரல் வருகிறது, எல்லாம் படப்பிடிப்பு என்று தெரிகிறது. முதல் கேமை மிகவும் ரசித்தவரான விமர்சகர் காரா எலிசன், இந்தக் காட்சி தன்னை எவ்வளவு புண்படுத்தியது என்று பிசி கேமர் இதழில் எழுதினார். தடை செய்யச் சொல்லி அல்ல. அந்த உலகத்தை நேசித்த ஒருத்தியின் ஏமாற்றமாகவே எழுதினார். உருவாக்கியவர்கள் முன்னோட்டத்திலிருந்து காட்சியை நீக்கினார்கள். 2015இல் வெளிவந்த கேமோ, இத்தகைய காட்சியைத் தவிர்க்க விரும்புகிறீர்களா என்று தொடக்கத்திலேயே கேட்டது. அதே காட்சியைப் பார்த்த, கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கும் ஆஸ்திரேலிய வகைப்பாட்டு வாரியம், 2015 ஜனவரியில் முழு கேமுக்கும் அனுமதி மறுத்தது. உள்ளிருந்து வந்த குரல் ஒரு காட்சியைப் பற்றிப் பேசியது. அரசு கேமையே பூட்டியது.

அப்படிப்பட்ட குரல்களை உங்கள் கூட்டம் எப்படி நடத்தியது? கேம்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தை ஆராயும் காணொளித் தொடருக்கு ஊடக விமர்சகர் அனிட்டா சர்கீசியன் 2012இல் நிதி திரட்டினார். அவர் படத்தின் மீது சொடுக்கினால் முகம் வீங்கி ரத்தக்காயமாகும் ஒரு கேமையே செய்து பரப்பினார்கள். 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்தபோது, கூட்டத்தையே சுட்டுத்தள்ளப் போவதாக மிரட்டல் வந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கியோடு அரங்கில் நுழைபவரைத் தடுக்க அம்மாநிலச் சட்டம் இடம் தரவில்லை என்றதும், அவர் உரையை ரத்து செய்தார். மிரட்டியவர்கள் சிலரே என்பீர்கள். இருக்கட்டும், மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இதே கேள்வியைக் கேட்கும் ஒரு கேம் உங்களிடையே புகழ்பெற்றிருக்கிறது. சுவீடனின் ராங் ஆர்கன் குழு 2024இல் வெளியிட்ட 'மவுத்வாஷிங்' கேமில், விண்வெளிச் சரக்குக் கப்பலொன்றின் செவிலி ஆன்யா சக ஊழியன் ஜிம்மியின் வன்கொடுமைக்கு ஆளானவள். அந்தக் கொடுமை ஒரு கணம்கூடத் திரையில் வருவதில்லை. படுக்கையறைக் கதவுகளுக்கு ஏன் பூட்டு இல்லை என்று அவள் கேப்டனிடம் கேட்பதும், நண்பனைக் காப்பாற்ற நினைக்கும் கேப்டன் ஒன்றும் செய்யாமல் விடுவதும் வருகின்றன. இதைக் கண்டு, கேம்களில் பாலியல் வன்முறையைப் பேசவே கூடாது என்று யாராவது சொல்வாரானால், அவருக்கு எதிராக உங்கள் பக்கம் நான் நிற்பேன். ஆனால் 'நோ மெர்சி'யையும் இதையும் ஒரே கருத்துரிமைக் கூடையில் போட்டு, இரண்டுக்கும் ஒரே குரலில் வாதாடுவதாக இருந்தால், நல்லதையும் கெட்டதையும் ஒரே பூட்டில் அடைக்க வைத்த கார்டு நிறுவனத்துக்கும் உங்களுக்கும் என்ன வேறுபாடு?

2025 ஜூலைக்குப் பிறகு விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் ஓயாமல் தொலைபேசியில் அழைத்துப் புகார் சொல்ல கேமர்கள் அணி திரண்டார்கள். அந்த அமைப்புத் திறனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு, தவிர்க்க முடியாத வல்லுறவு உண்டு என்ற வரி கடைப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்ததே. அதை ஏன் விற்கிறீர்கள் என்று வால்வுக்கு நீங்கள் எழுதினீர்களா?