எலும்புக்கூட்டிலிருந்து இறந்தவரின் வயதைச் சொல்ல முடியுமா?

2012இல் இலங்கையின் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலையின்போது வெளிப்பட்ட எலும்புக்கூடுகளைக் குறிப்பிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் கிடைப்பது ஒரு வயதெல்லையே தவிர, ஒற்றை எண் அல்ல. சிறுவர்களில் பற்கள் உருவாகியிருக்கும் நிலை ஓரளவு நெருக்கமான விடையைத் தரும். இளைஞர்களில், நீண்ட எலும்புகளின் முனைகள் நடுத்தண்டோடு ஒட்டி முடிந்த பின்னரும், தோளையும் நெஞ்சையும் இணைக்கும் காறை எலும்பின் நெஞ்சுப்பக்க முனை 25 வயதைத் தாண்டியும் முழுமையாக ஒட்டாமல் இருக்கக்கூடும் என்பதால், சட்ட வைத்திய அதிகாரிகள் அதனைக் கவனமாகப் பார்ப்பர். அதன்பின் வளர்ச்சியன்று, தேய்மானமே சான்று: இடுப்பெலும்புகள் முன்புறம் சந்திக்கும் முகப்பில் இளமையில் தெரியும் மேடுபள்ளங்கள் வயதோடு மழுங்கும், முதியவர்களில் கணிப்பு பல பத்தாண்டுகள்வரை விரியும். மண்டையோட்டு எலும்புகள் சந்திக்கும் பொருத்துகள் எவ்வளவு மூடியுள்ளன என்பதை மட்டும் நம்பி வயதைக் கணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேயிலைக் கொழுந்துக்கூடை சுமப்பது போன்ற கடும் உழைப்பும் முதுகெலும்பைத் தேய்த்து, வயதை மிகைப்படுத்திக் காட்டலாம். எலும்பு எத்தனை ஆண்டுகள் மண்ணில் கிடந்தது என்பதோ கதிரியக்கக் கார்பன் சோதனை போன்றவற்றுக்குரிய வேறொரு கேள்வி.