டி90-ஐ விற்றுவிட்டு ஆர்எக்ஸ்100 வாங்கலாமா?

வணக்கம். நிக்கான் டி90 கேமராவும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸும் வைத்திருக்கிறீர்கள். மாலையில் வீட்டுக்குள் குழந்தையை எடுத்தால் படம் கலங்கலாக வருகிறது, விற்றுவிட்டு சோனி ஆர்எக்ஸ்100 என்ற சிறிய கேமராவின் முதல் மாடலை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். விற்க வேண்டாம், லென்ஸை மாற்றுங்கள்.

டி90 2008-ல் வந்தது, 12 மெகாபிக்சல். ஆர்எக்ஸ்100 2012-ல் வந்தது, 20 மெகாபிக்சல். இந்த எண்களை மறந்துவிடுங்கள். டி90-ன் சென்சார் (வெளிச்சத்தைப் படமாகப் பதிவு செய்யும் சில்லு) பரப்பளவில் மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. ஆனால் உங்கள் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/3.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது). சோனி எஃப்/1.8 வரை திறக்கிறது, அதாவது அதே பரப்பில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெளிச்சம். பெரிய சென்சாரின் லாபம் அங்கேயே கரைந்துவிடுகிறது. ஆனால் முழுதாக ஜூம் செய்தால் சோனியும் எஃப்/4.9-க்கு வந்துவிடும். முகத்தை நெருக்கமாக எடுக்கும்போது அந்தச் சாதகம் உங்களுக்குக் கிடைக்காது.

டி90-க்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது (இதைப் பலர் கவனிப்பதில்லை). அதனால் பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸிலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். அறை சிறியது என்றால், இன்னும் அகலமாகக் காட்டும் 35 மி.மீ. எஃப்/1.8 வசதி. ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 1600 வைத்து, ஷட்டர் வேகம் 1/200 நொடியைவிட மெதுவாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் குழந்தையை வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளையில்) பின்தொடர்வதும் எளிது. அந்த சோனியில் வியூஃபைண்டரே கிடையாது.

ஒன்று மட்டும் யோசியுங்கள். உங்கள் செட் ஒரு கிலோவை நெருங்குகிறது, சோனி 240 கிராம்தான். கனத்துக்குப் பயந்து வெளியே போகும்போது கேமராவை எடுக்காமலே போகிறீர்கள் என்றால், சோனியையும் தாராளமாக வாங்குங்கள். டி90 வீட்டிலேயே இருக்கட்டும்.